வெள்ளத்தில் அடித்துப் போகாத மீன்

காரைக்குடிப் பக்கத்துச் சந்தைகளில் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். அகன்ற சட்டியில் கலங்கல் தண்ணீர், அதற்குள் ஆட்காட்டி விரல் நீளத்துக்குக்கூட வராத பழுப்பு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். வாங்கி வந்து பாலிலோ தேங்காய்ப் பாலிலோ கொஞ்ச நேரம் விட்டு, வயிற்று மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் புளிக்குழம்பு வைப்பது நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. விலையைக் கேட்டால்தான் கை பையைத் திறக்கத் தயங்கும்.

குழம்பைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. இங்கே பேசப்போவது அந்த மீனின் உடம்பைப் பற்றி. கண்மாய் மீன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அயிரை, ஓடும் தண்ணீரின் அடித்தரைக்கு ஏற்ற உடம்பு கொண்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மலையடி ஓடை, ஆற்று மணல், வயல் வாய்க்கால், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் என்று பல இடங்களில் அது வாழ்கிறது. அதன் உறவுக்கார மீன்கள் சில இன்னும் மேலே ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை ஓடைகளிலேயே குடியிருக்கின்றன. அங்கே ஒரு மழை பெய்தால் போதும், முழங்கால் அளவு ஓடை இடுப்பளவாகி ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். மரக்கிளை போகிறது, கல் உருள்கிறது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு மீன் மட்டும் மறுநாள் அதே இடத்தில் இருக்கிறது. எப்படி?

அதற்குப் பலம் அதிகம் என்பது பதில் இல்லை. பலத்தில் கெண்டைக்கும் விராலுக்கும் முன்னால் அயிரை நிற்கவே முடியாது. ஓட்டம் குறைவாக இருக்கும் இடம் எது என்று பார்த்து அங்கே ஒண்டிக்கொள்வதுதான் அதன் வித்தை. இதைப் புரிந்துகொள்ள முதலில் மீனை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்குள் பல வேகங்கள்

ஐப்பசி மழையில் தேனாறோ பாம்பாறோ ஓடும்போது பாலத்தில் நின்று பார்த்தால் நமக்குத் தெரிவது மேல்பரப்பு மட்டும்தான். நடு ஆற்றில் ஒரு சருகு விழுந்தால் பறந்துகொண்டு போகும். கரையோரம் விழுந்த சருகு தயங்கித் தயங்கிச் சுற்றும். இந்த வித்தியாசம் பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலிருந்து கீழாகவும் உண்டு. பெரும்பாலான ஓடைகளில் மேல்பரப்புக்கு அருகேதான் வேகம் அதிகம். அடியை நோக்கிப் போகப் போகக் குறையும். கடைசியில், கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு வேகமே கிடையாது. கல்லோடு கல்லாக அது நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு கொஞ்சம் நகர்கிறது, அதற்கும் மேலே உள்ளது இன்னும் கொஞ்சம் வேகமாக நகர்கிறது.

இப்படிப் பரப்பை ஒட்டி வேகம் குறைந்திருக்கும் அடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். ஜெர்மன் அறிவியலாளர் லுட்விக் பிராண்டில் 1904ஆம் ஆண்டு இதை விளக்கினார். விமானச் சிறகு முதல் கப்பலின் அடிப்பகுதி வரை வடிவமைப்பவர்களுக்கு இன்றும் இது அடிப்படைப் பாடம். நமக்கு விமானம் எல்லாம் வேண்டாம். ஆடிக் காற்று அடிக்கும்போது மொட்டைமாடியில் நின்றால் வேட்டி பறக்கும். அதே இடத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் காற்று மேலே போய்க்கொண்டிருப்பது காதில் கேட்கும், உடம்பைப் பெரிதாகத் தள்ளாது. ஓடையின் அடியில் இருக்கும் மீன் செய்வதும் இதுதான்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஓடும் தண்ணீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதையே திருப்பிப் போட்டால், வேகம் பாதியாகக் குறையும் இடத்துக்கு மீன் இறங்கிவிட்டால் அதைத் தள்ளும் விசை கால் பங்காகிவிடும். கொஞ்சம் கீழே இறங்கினாலே லாபம் பெரிது.

ஆனால் பாறை ஓடையில் தண்ணீர் ஒழுங்காக ஓடுவதில்லை. மோதிச் சுழன்று நுரைத்து வருவதால், கல்லின்மேல் இருக்கும் மந்தமான அடுக்கு மிக மெல்லியதாக இருக்கும். தட்டையான மீன்தான் அதில் பயன்பெற முடியும். அயிரை மாதிரி உருண்டை உடம்புக்கு வேறு இடம் வேண்டும். அது கற்களுக்குப் பின்னால் கிடைக்கிறது. ஒரு கல்லில் மோதிய தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓட, கல்லின் பின்புறம் ஒரு தேக்கம் உண்டாகும். சில நேரம் அங்கே தண்ணீர் எதிர்த்திசையில்கூட மெல்லச் சுழலும். அந்தத் தேக்கத்தில் மணல் படியும், சருகு தங்கும், பூச்சிப் புழுக்கள் சேரும். ஆக மீனுக்கு ஒதுங்கிடமும் சாப்பாடும் ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன.

மிதப்பதை விட்டுக்கொடுத்த மீன்

கெண்டை, கட்லா போன்ற மீன்களை வெட்டும்போது வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு பலூன் வரும். அதுதான் காற்றுப்பை. அதில் இருக்கும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைத்து, மேலும் போகாமல் கீழும் போகாமல் நடுத்தண்ணீரில் மீன் நிற்கிறது. கண்மாயில் இது பெரிய வசதி. பாய்ந்தோடும் ஓடையில் இதுவே ஆபத்து, ஏனென்றால் மிதக்கும் எதையும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அயிரை வகைகளில் இந்தப் பை மிகவும் சுருங்கி, தலைக்குப் பின்னால் ஓர் எலும்புக் கூட்டுக்குள் அடைபட்டுவிட்டது. மிதக்க வைக்க அது போதாது. அதனால் அயிரை நீந்துவதை நிறுத்தினால் உடனே அடியில் போய்ப் படுத்துவிடும். கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பாருங்கள். கெண்டைக் குஞ்சு அந்தரத்தில் நிற்கும். அயிரை துள்ளிப் போகும், விழும், கொஞ்சம் இருக்கும், மறுபடி துள்ளும்.

சரி, மிதக்க உதவாத பையை ஏன் வைத்திருக்கிறது? கேட்பதற்கு. அயிரையும் கெண்டையும் கட்லாவும் ஒரே பெரிய வரிசையைச் சேர்ந்த மீன்கள். இந்த வரிசையில் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை குட்டிக்குட்டி எலும்புகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். தண்ணீரில் வரும் ஒலி அதிர்வைப் பை வாங்கி, அந்த எலும்புகள் வழியாகக் காதுக்கு அனுப்பும். ஐரோப்பாவில் வாழும் அயிரையின் உறவு மீன் ஒன்று, இடிமழை வருவதற்கு முன்னால் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலையும். அதனால் அங்கே அதற்கு வானிலை மீன் என்றே பெயர். நம் அயிரையும் மழை மூட்டத்தில் துள்ளுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. சட்டியை மூடி வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அயிரையின் உடம்பு

அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதன் பின்பாதியில் ஒரு வரலாறு இருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் வாலன்சியென் 1846இல் இந்த மீனை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தபோது அவர் கையில் இருந்தவை இலங்கையின் திருகோணமலைக்கு அருகே உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்தவை. அதனால் வெப்பத்தைச் சொல்லும் பெயரை வைத்துவிட்டார். குளிர்ந்த ஓடையில் வாழும் கூட்டமும் சேர்ந்து அந்தப் பெயரைச் சுமக்கிறது. ஆனாலும் இந்த மீன் வெதுவெதுப்பான தண்ணீரையும் தாங்கும் என்பதற்கு அந்தப் பெயர் ஒரு சாட்சி. சித்திரை வெயிலில் காயும் நம் கண்மாய்களில் அது பிழைத்துக் கிடப்பதில் வியப்பில்லை.

உடம்பு நீளமாக, உருண்டையாக, வழுக்கும். செதில் மிகச் சிறியது, கையால் தடவினால் தெரியாது. பழுப்பும் கருப்புமாகத் திட்டுத்திட்டான நிறம் இருப்பதால் மணலில் படுத்துவிட்டால் கண்ணுக்கு அகப்படாது. தண்ணீருக்கு மேலே கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் காத்திருக்கும் ஓர் இடத்தில் இது பெரிய பாதுகாப்பு. நாரை அயிரைக்காகக் காத்திருக்கும் காட்சி சங்கப் பாடல்களிலேயே வந்துவிட்டது. அந்தப் பகை அவ்வளவு பழையது.

வாய் கீழ்நோக்கி இருக்கும். வாயைச் சுற்றி மீசைகள், மொத்தம் எட்டு. மனிதனுக்கு நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் இந்த மீசைகளில் உண்டு. கலங்கல் தண்ணீரில் கண் உதவாது. மணலைத் தொட்டுத் தொட்டு எது புழு, எது வெறும் மண் என்று மீசையாலேயே பிரித்தறியும். மணலை வாயில் அள்ளி, தின்ன வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். பூச்சிகளின் இளம்புழு, பாசி, மக்கிய இலைத்துணுக்கு எல்லாம் அதற்கு உணவு. சமையலுக்கு முன்னால் அதைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைக்கும் பழக்கம் ஏன் வந்தது என்று இப்போது புரியும்.

கண்ணுக்குக் கீழே இரண்டு பிளவாக ஒரு முள் இருக்கிறது. சாதாரண நேரத்தில் மடங்கிக் கிடக்கும். பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். அயிரையைக் கைநிறைய அள்ளியவர்களுக்கு அந்தச் சுருக் தெரிந்திருக்கும். பறவையின் தொண்டையில் இறங்கும்போது அந்த முள் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வலைக்கண்ணில் அயிரை சிக்கிக்கொண்டு எடுக்க வராமல் படுத்துவதும் இதனால்தான்.

ஆண் பெண் அடையாளம் காண்பதும் அவ்வளவு கடினம் இல்லை. பெண் மீன் பருத்திருக்கும். ஆணுக்கு மார்புத் துடுப்பில் உள்பக்கத்து இரண்டு கதிர்கள் ஒன்றாகச் சேர்ந்து தடித்திருக்கும். இந்தப் பேரினத்தை மற்ற உறவுகளிலிருந்து பிரித்துக் காட்ட ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் முதல் அடையாளமே அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அயிரைக்குப் புதையத் தெரியும். தலையை மணலில் நுழைத்து உடம்பை ஓர் உதறு உதறினால் போதும், கண் மட்டும் வெளியே தெரிய மீதி மணலுக்குள். வெள்ளம் மேலே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் மணலுக்குள் அது தெரியாது.

மலைமேல் இருக்கும் உறவுகள்

அயிரை மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் உரிய மீன். அதற்கு மேலே, வெறும் பாறையும் பாய்ச்சலுமாக இருக்கும் இடத்தில் புதைய மணல் இருக்காது. அங்கே வேறு வித்தைகள் வேண்டும்.

கல்லொட்டி என்று சொல்லப்படும் மீனை எடுத்துக்கொள்வோம். கர்ரா என்ற பேரினம். அதில் கர்ரா முல்யா என்ற இனத்தை சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தக்காணத்து ஆறுகளில் கண்டு 1839இல் விவரித்தார். தீபகற்ப இந்தியாவின் பல ஓடைகளில் இது உண்டு. இதற்குக் கீழ் உதட்டுக்குப் பின்னால் சதைப்பற்றான ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதைக் கல்லில் பதித்து, அகன்ற துடுப்புகளையும் விரித்து அழுத்திக்கொள்ளும். பிடித்துக்கொண்டே கல்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். நகரத்து மால்களில் தொட்டிக்குள் காலை விட்டால் மீன் கடித்துத் தோலைச் சுத்தம் செய்யும் என்று காசு வாங்குகிறார்களே, அந்த வேலைக்குப் பேர்பெற்ற மீன் மேற்கு ஆசியாவிலிருந்து வந்த கர்ரா ரூஃபா. கல்லொட்டிக்கு நெருங்கிய சொந்தம். குற்றாலத்தில் ஓடையோரம் காலை நனைத்து உட்கார்ந்தால் சிறு மீன்கள் வந்து கொத்துமே, அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்று பவானியா. பாறை ஓடை வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஜெர்டன் என்ற மருத்துவர் 1849இல் இதை விவரித்தார். மேலிருந்து பார்த்தால் மீனா, அல்லது கல்லில் ஒட்டிய இலையா என்று யோசிக்க வைக்கும். வயிறு தட்டை. மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் பக்கவாட்டில் விரிந்து தரையோடு படிந்திருக்கும். மேலே ஓடும் தண்ணீர் அதன் முதுகை வருடிக்கொண்டு போக, மீன் கல்லோடு ஒட்டியே இருக்கிறது. எல்லைப் படலத்துக்குள் முழுசாக வாழ முயலும் மீன் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

துடுப்பைக் காலாக்கும் இந்தப் போக்கின் உச்சம் தாய்லாந்தில் இருக்கிறது. அங்கே குகை ஓடைகளில் வாழும் கண்ணில்லாத ஒரு மீன், அருவி விழும் ஈரப்பாறையில் நான்கு துடுப்புகளையும் மாற்றி மாற்றி வைத்து நடந்தே ஏறுகிறது. அதன் இடுப்பு எலும்பு முதுகெலும்போடு இணைந்திருப்பதை 2016இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். நான்கு கால் விலங்குகளில் காணும் அமைப்புக்கு அவ்வளவு அருகில் வருகிறது. அதுவும் பவானியாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவை எல்லாம் ஒரே மாதிரி உடம்பு கொண்டவை இல்லை. ஒன்று புதைகிறது, ஒன்று பற்றுகிறது, ஒன்று தட்டையாகப் படிகிறது. ஆனால் மூன்றும் தேடுவது அந்த மந்தமான தண்ணீரைத்தான்.

மூச்சு

பாய்ந்து விழும் தண்ணீரில் காற்று நன்றாகக் கலக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தங்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மலை ஓடை மீன்கள் இந்தச் செழிப்புக்குப் பழகியவை. பவானியாவைப் பிடித்து வந்து தேங்கிய தண்ணீரில் போட்டால் அதற்கு மூச்சுத் திணறும்.

அயிரை கதை வேறு. கோடையில் ஓடை அறுந்து குட்டை குட்டையாக நிற்கும். கண்மாய் வற்றி நடுவில் சேறு மட்டும் மிஞ்சும். அப்போது அயிரைக் குடும்பத்து மீன்கள் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். அந்தக் காற்று குடல் வழியாகப் போகும்போது ரத்தம் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சக் காற்று பின்வழியாகக் குமிழியாக வெளியேறிவிடும். ஆம், குடலால் மூச்சு விடுகிறது. வானிலை மீனிடம் இந்த வழக்கத்தை எர்மன் என்ற ஜெர்மன் அறிஞர் 1808லேயே கவனித்து எழுதிவிட்டார். நம் அயிரையின் வட இந்திய உறவினத்திலும் இதை ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். சந்தையில் குறைந்த தண்ணீரில் அத்தனை அயிரை நெருக்கியடித்துக் கொண்டும் சாகாமல் இருக்கிறதே, அதற்கு இந்தக் குடல் பெரிய துணை.

வெள்ளத்தில் ஒண்டவும் தெரியும், வறட்சியில் தாங்கவும் தெரியும். செட்டிநாடு மாதிரி ஓர் இடத்துக்கு இரண்டும் வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் பாறை ஓடை கிடையாது. பிரான்மலை மாதிரிக் குன்றுகளில் பெய்யும் மழை ஐப்பசி கார்த்திகையில் இறங்கி ஓடி, கண்மாய் கண்மாயாகத் தேங்கி, பங்குனிக்குள் பாதி காணாமல் போய்விடும். குளிர்ந்த ஓடையை மட்டும் நம்பும் மீன் இங்கே ஓர் ஆண்டுகூடத் தாங்காது.

புதுத்தண்ணீர் வந்தால் ஏன் ஏறுகிறது?

முதல் மழைக்கு வரத்துக்காலில் செந்தண்ணீர் வரும்போது மீன் எதிரே ஏறும். ஏத்துமீன் என்று இளவட்டங்கள் ஊத்தா, கச்சா மாதிரி மீன்பிடிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அப்போதுதான். கண்மாய் நிரம்பி வழியும் கலுங்கு பாயும் இடத்திலும் இதே கூட்டம். மழையோடு அயிரை வானத்திலிருந்து விழுகிறது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. நேற்றுவரை காய்ந்து கிடந்த வாய்க்காலில் இன்று மீன் துள்ளினால் அப்படித்தான் தோன்றும்.

நடப்பது இதுதான். ஓடும் தண்ணீரில் பெரும்பாலான மீன்கள் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொள்ளும். இதை எதிரோட்ட நாட்டம் என்று சொல்லலாம். உடம்பின் பக்கவாட்டில் வரிசையாக உள்ள உணர் உறுப்புகள் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து தள்ளுகிறது என்று சொல்லும். தரையும் கரையும் தன்னைக் கடந்து நகர்வதைக் கண் பார்க்கும். வயிறு தரையில் உரசினால் அதுவும் தெரியும். இப்படி நிற்பதில் மூன்று லாபம்: தள்ளும் விசை குறைவு, செவுளுக்குத் தண்ணீர் தானாக வருகிறது, மேலிருந்து மிதந்துவரும் உணவு நேராக வாய்க்கு வருகிறது. மழைக்காலம் முட்டையிடும் காலமாகவும் இருப்பதால், நின்ற இடத்தில் நிற்காமல் மேலேறிப் புதிதாக நனைந்த ஆழமில்லாத இடங்களுக்குப் போகிறது. அங்கே குஞ்சுக்கு உணவு அதிகம், பெரிய மீன் தொல்லை குறைவு.

நம் கண்மாய்கள் சங்கிலித் தொடராகக் கட்டப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகப் பாயும் மிகைத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். அந்த வாய்க்கால்தான் மீனுக்குச் சாலை. ஒரு கண்மாய் முற்றிலும் வற்றி, மீன்பிடித் திருவிழாவில் ஊரே இறங்கி அரித்து எடுத்தாலும், அடுத்த மழைக்கு வேறெங்காவது குட்டையில் தப்பிக் கிடந்த நாலைந்து அயிரை இந்த வழியாக வந்து மறுபடி குடியேறிவிடும். வாய்க்காலை வீட்டுமனையாக்கி அடைத்துவிட்டால் வராது.

தரை போனால் மீன் போகும்

உலக அளவில் தொகுக்கப்படும் செம்பட்டியலில் அயிரை அழிவு அபாயம் குறைந்த இனம் என்றே இருக்கிறது. பரவலாக வாழ்வதால் அப்படி. ஆனால் பட்டியல் மொத்த இனத்தைப் பற்றியது, உங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றியது அல்ல.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். இந்த மீன்களுக்கு வீடு என்பது தண்ணீர் மட்டுமல்ல. மணல், கல், கல்லுக்கு இடையில் உள்ள சந்து இவைதான் வீடு. ஆற்று மணலை அள்ளிவிட்டு அடியில் களிமண்ணை மட்டும் விட்டுவைத்தால், தண்ணீர் பழைய அளவே ஓடினாலும் அயிரைக்குப் புதைய இடமில்லை. மேலே காடு அழிந்து மண் கரைந்து வந்தால் நேர்மாறான கேடு: நுண்ணிய வண்டல் கற்சந்துகளை எல்லாம் அடைத்துவிடும், பாசி மூடிப்போகும், சந்துகளில் இடப்பட்ட முட்டைக்குக் காற்று கிடைக்காது. வாய்க்காலுக்கு அடியிலும் பக்கத்திலும் வழவழவென்று சிமெண்ட் பூசினால் தண்ணீர் வீணாகாமல் போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் ஒதுங்க ஒரு கல்லோ மணல்திட்டோ இல்லாத வாய்க்காலில் சிறு மீன் மேலேற முடியாது. ஓட்டத்தை எதிர்த்து நெடுந்தூரம் விடாமல் நீந்தும் பலம் அதற்கு இல்லை என்று முதலிலேயே பார்த்தோம். நூறடிக்கு ஓர் இடத்திலாவது சொரசொரப்பாகக் கல் பதித்து விட்டால்கூட உதவும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வாய்க்காலுக்கு வந்தால் அயிரை தின்னும் இளம்புழுக்கள் முதலில் சாகும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை இன்று எந்தக் கண்மாயிலும் இருக்கிறது. சிறு மீன்களோடு உணவுக்குப் போட்டி போடும், முட்டையையும் விடாது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ போடத் தடை போட்டிருப்பது வழுக்கி விழாமல் இருக்க மட்டுமல்ல. சோப்பு நுரை செவுளின் மெல்லிய தோலைக் கெடுக்கும்.

பார்க்க ஆசைப்பட்டால்

பவானியாவையும் கல்லொட்டியையும் பார்க்கத் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம்தான் போக வேண்டும். நம் ஆட்கள் எப்படியும் ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வண்டி பிடிப்பவர்கள். அருவிக்குக் கீழே கூட்டம் இல்லாத, கணுக்கால் அளவு தெளிந்த ஓடையில் சூரியன் பின்னால் இருக்கும்படி நின்று, நிழல் தண்ணீரில் விழாமல் அசையாமல் பாருங்கள். முதலில் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கல்லின் ஒரு பகுதி நகரும். அதுதான் மீன். கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டாம், அடியில் முட்டை இருக்கலாம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே மீனைப் பிடிப்பது குற்றம்.

அயிரைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மழை விட்டு வாய்க்கால் தெளிந்தபின், மணல் படிந்த வளைவில் பார்த்தால் போதும். சமையலுக்கு வாங்கியதில் ஐந்தாறை எடுத்துத் தொட்டியில் வளர்க்க நினைத்தால் கவனிக்க வேண்டியவை சில. அடியில் நைசான ஆற்று மணல் இரண்டு விரல் உயரம் போடுங்கள். கடையில் விற்கும் வண்ணக் கல் கூர்மையாக இருக்கும், மீசை அறுந்துபோகும். நாலைந்து கூழாங்கற்களைச் சந்து விட்டு அடுக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். மிதக்கும் தீவனம் இதற்கு ஆகாது, அடியில் போய் விழும் தீவனமாகப் பார்த்து மாலையில் போடுங்கள். மூடி கட்டாயம் வேண்டும், அதுவும் சிறு ஓட்டைகூட இல்லாமல், ஏனென்றால் இது துள்ளும். தண்ணீரைச் சுழலவிடும் சிறு மோட்டார் ஒன்றைத் தொட்டியின் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். ஓட்டம் எங்கே குறைகிறது என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் அயிரை அங்கே போய்ப் படுத்திருக்கும்.